கிறீச்சிடும் தரை, துள்ளும் தரை, அமுங்கும் தரை: டபுள்வைடு வீட்டில் காசை எங்கே போடுவது?

அம்மா ஊரிலிருந்து வந்த முதல் ராத்திரி, தண்ணீர் குடிக்க எழுந்து ஹாலைத் தாண்டி அடுப்படிக்குப் போயிருக்கிறார். காலையில் காபியைக் கையில் கொடுத்ததும் முதல் பேச்சே அதுதான்: “ஏம்ப்பா, சோளக்கொல்லைப் பரண் மேல நடக்கிற மாதிரில்ல இருக்கு உன் வீடு?”

நானும் மனைவியும் மூன்று வருஷமாக அந்தத் தரையில் நடந்து காது பழகிப்போனவர்கள். அம்மா சொன்ன பிறகுதான் உண்மையிலேயே கேட்க ஆரம்பித்தது. ஹாலில் கிறீச், குளியலறை வாசலில் ஒரு அமுக்கம், அடுப்படியில் கிரைண்டர் ஓடும்போது அலமாரியில் டம்ளர்கள் எல்லாம் சேர்ந்து பாடும்.

எங்கள் வீடு டெக்சஸில், வேகோவுக்குத் தெற்கே. ஒரு ஏக்கர் நிலத்துக்காக வாங்கினோம். நிலத்தோடு 1994-இல் செய்த டபுள்வைடு ஒன்றும் கூடவே வந்தது, அதாவது இரண்டு பாதியாகச் செய்து மனையில் ஒன்றாகச் சேர்த்த வீடு. இந்த வகை வீடுகளை அமெரிக்காவில் மேனுஃபாக்சர்டு ஹோம் என்கிறார்கள். தொழிற்சாலையில் முழுசாகச் செய்து, நெடுஞ்சாலையில் இழுத்துக்கொண்டு வந்து, கான்கிரீட் கட்டைத் தூண்களின் மேல் உட்கார வைப்பார்கள். 1976 ஜூன் 15-க்குப் பிறகு செய்தவை எல்லாம் ஹட் என்கிற மத்திய வீட்டுவசதித் துறையின் விதிப்படி வந்தவை. அதற்கு முந்தியவைதான் சரியான அர்த்தத்தில் மொபைல் ஹோம். உங்களுடையது எது என்று தெரியவேண்டுமானால், வெளிச்சுவரில் சின்னதாக ஒரு சிவப்பு உலோகத் தகடு அடித்திருக்கிறதா பாருங்கள். டபுள்வைடு என்றால் இரண்டு பாதிக்கும் இரண்டு தகடு.

இந்தத் தரையைச் சரிசெய்ய ஐந்தாறு வழி உண்டு. முப்பது டாலரிலும் முடியும், பல ஆயிரமும் போகும். நான் முதலில் தப்பான வழியில் போய்விட்டுத்தான் சரியான வழிக்கு வந்தேன். அதனால் இது கொஞ்சம் பட்டறிவு கலந்த ஒப்பீடு.

தரைக்குள் என்ன இருக்கிறது

அடியிலிருந்து மேலே போவோம். மண் மேல் காலடித் தளம். அதன்மேல் 8-க்கு 8-க்கு 16 அங்குலக் கான்கிரீட் கட்டைகள், பெரும்பாலும் சிமெண்ட் பூசாமல் சும்மா அடுக்கியவை. அதற்கு மேல் ஒரு மரப்பலகை, பலகைக்கும் இரும்புக்கும் நடுவில் இறுக்கி அடித்த மர ஆப்புகள். ஆப்பின் மேல் வீட்டின் நீளத்துக்கு ஓடும் இரண்டு ஐ-பீம்கள், அதாவது I வடிவ இரும்பு உத்தரங்கள். டபுள்வைடில் ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு. அவற்றின் மேல் ஜாயிஸ்ட் எனப்படும் மரச் சட்டங்கள், பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று. சட்டத்தின் மேல் தரைப்பலகை. அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையில் கலந்து அழுத்திய பலகை. சட்டங்களுக்கு அடியில் பஞ்சு, தண்ணீர்க் குழாய், ஏ.சி. காற்றுக்குழாய் எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்கும் ஒரு கறுப்புத் துணி. இங்கே அதை ‘பெல்லி’ என்பார்கள், வீட்டின் வயிறு.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஹட் விதிப்படி, முழுச் சுமை ஏறும்போது தரைச் சட்டம் தன் நீளத்தில் 240-இல் ஒரு பங்கு வரை வளையலாம். சாதாரணமாக மனையிலேயே கட்டும் வீட்டுக்கு 360-இல் ஒரு பங்குதான். எட்டடிச் சட்டத்தில் கணக்குப் போட்டால் இதில் 0.4 அங்குலம், அதில் 0.27 அங்குலம். ஆக, உங்கள் டபுள்வைடு கொஞ்சம் துள்ளுகிறது என்றால் அது கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. பிறவியிலேயே கொஞ்சம் இளகிய உடம்பு. புதிதாக வாங்கியபோது எப்படித் துள்ளியதோ அப்படியே இப்போதும் துள்ளினால் ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான். முன்பைவிட அதிகமாகத் துள்ளினால்தான் கவலை.

மூன்று நோயைப் பிரிக்கவேண்டும்

கிறீச்சிடுவது, துள்ளுவது, அமுங்குவது மூன்றும் வேறு வேறு. கிறீச் என்பது பலகையோ ஆணியோ சட்டத்தோடு உரசும் சத்தம். தொழிற்சாலையில் பசை வைத்து அடித்த பலகை, வருஷக்கணக்கில் பசை விட்டு, மரம் காய்ந்து, ஆணித்துளைக்குள் ஏறி இறங்குகிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டதும் சத்தம் கூடுவது இதனால்தான். துள்ளுவது சட்டமோ தூணோ சம்பந்தப்பட்டது. அமுங்குவது தண்ணீர். பார்ட்டிக்கிள் போர்டு ஒருமுறை நன்றாக நனைந்தால் வீங்கும். வீங்கியது காய்ந்தாலும் பழைய பலம் வராது. எங்கள் குளியலறை வாசலில் கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். தேங்காய் போடாத புட்டு மாதிரி உதிர்ந்தது.

ஒரே வீட்டில் மூன்றும் இருக்கலாம், எங்களுக்கு இருந்தது. நான் செய்த தப்பு, சத்தம்தான் காதில் விழுகிறது என்பதால் சத்தத்துக்கு முதலில் வைத்தியம் பார்த்தது.

மேலிருந்து ஸ்க்ரூ

இதுதான் எல்லோரையும் முதலில் இழுக்கும் வழி. கார்ப்பெட்டை எடுக்காமலே போடுவதற்கென்று ஒரு கிட் கிடைக்கிறது. கழுத்தில் ஏற்கெனவே கீறல் போட்ட ஸ்க்ரூ, அதைச் சரியான ஆழத்தில் நிறுத்த மூன்று கால் உள்ள ஒரு சின்ன ஸ்டாண்டு. சட்டம் எங்கே என்று கண்டுபிடித்து ஸ்க்ரூவை ஏற்றி, தலையை இப்படி அப்படி ஆட்டினால் பலகைக்குக் கீழேயே முறிந்துவிடும். மேலே தடம் தெரியாது. இந்தியக் கடையில் ஒரு மூட்டை பாசுமதி வாங்கும் காசுக்குள் முடியும்.

நல்ல பலகை, நல்ல சட்டம், பசை மட்டும் விட்டுப்போயிருக்கிறது என்றால் இதைவிட மலிவான, சுத்தமான வழி கிடையாது. ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஸ்க்ரூ சட்டத்தில் பிடிக்கவேண்டும். பார்ட்டிக்கிள் போர்டில் மட்டும் பிடித்தால் சீக்கிரமே பிடி விட்டுவிடும். இரண்டாவது, இந்த வீடுகளில் காற்றுக்குழாயும் தண்ணீர்க் குழாயும் தரைக்கு நேர் கீழே ஓடுகின்றன. காற்றுத்துளைக்கும் குழாய் மேலே வரும் இடத்துக்கும் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரூ போடாதீர்கள்.

நான் ஒரு கைவேலைக்காரரைக் கூப்பிட்டேன். ஹாலில் அறுபது எழுபது ஸ்க்ரூ போட்டார், காசு வாங்கினார், போனார். இரண்டு வாரம் அமைதி. அப்புறம் ஒரு மழை பெய்தது, கிறீச் திரும்பி வந்தது, இந்த முறை வேறு இடத்தில். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கீழே என்ன என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை.

விரிசலில் முகப்பவுடர் தூவுவதும் சிலர் சொல்வார்கள். விருந்தாளி வரும் வாரத்துக்கு உதவும்.

கீழே போய்ப் பார்த்தது

கடைசியில் ஒரு சனிக்கிழமை, பழைய சட்டை, தலையில் விளக்கு, நீளமான ஒரு கம்போடு, வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி மறைக்கும் ஸ்கர்ட்டிங் தகட்டைக் கழற்றி உள்ளே போனேன். கம்பு பாம்புக்கு. டெக்சஸில் வீட்டுக்கு அடியில் யார் குடியிருப்பார்கள் என்று சொல்லமுடியாது.

ஐ-பீமின் மட்டம் பார்க்க, நம் ஊர்க் கொத்தனார் வைத்திருக்கும் அதே ட்யூப் லெவல்தான். ஹார்டுவேர் கடையில் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஐம்பது அடி வாங்கி, தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்து ஊற்றினேன். மனைவி வெளியில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, “இங்க கோட்டுக்கு வந்துடுச்சு, அங்க எவ்ளோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஓரத் தூண்கள் பரவாயில்லை. இரண்டு பாதியும் சேரும் நடுக்கோட்டில் நாலாவது தூண் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. ஆப்பு பக்கத்தில் மண்ணில் விழுந்து கிடந்தது. பலகைக்கும் மேலே உள்ள சட்டத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. அதாவது அந்தத் தூண் எதையும் தாங்கவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே ஹால்.

எங்கள் பக்கத்து மண் கறுப்புக் களிமண். கரிசல் காட்டுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். அதன்மேல் நிற்கும் தூண் சும்மா இருக்குமா?

மட்டம் சரிசெய்வது

என் கணக்கில், துள்ளும் தரைக்கு முதலில் காசு போடவேண்டிய இடம் இதுதான். ஐ-பீமுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து, இருபது டன் ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஆப்பை மறுபடி அடித்து இறுக்குவார்கள். ஒரே இடத்தில் ஒரேயடியாகத் தூக்கக்கூடாது. கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் தூக்கி, அடுத்த தூணுக்குப் போய், சுற்றி வரவேண்டும். அவசரப்பட்டால் சுவரில் விரிசல், திறக்காத கதவு, விட்டுப்போன குழாய் இணைப்பு என்று வேறு செலவு வரும்.

இதை நானே செய்யவில்லை. செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஜாக்கி மட்டும் தாங்கும் வீட்டுக்கு அடியில் மனுஷன் இருக்கவே கூடாது. டெக்சஸில் இந்த வீடுகளை நிறுவுவோருக்கு மாநில அரசு உரிமம் கொடுக்கிறது. உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். எங்களுக்கு அரை நாள் வேலை, ஆயிரத்துச் சொச்சம் டாலர். இறங்கிய தூணுக்கு அடியில் அகலமான தளம் வைத்தார்கள், விழுந்த ஆப்புகளுக்குப் பதிலாகக் கடின மரத்தில் புது ஆப்பு. அன்று சாயங்காலமே ஹாலின் துள்ளல் பாதிக்கு மேல் போய்விட்டது. நாங்கள் வந்ததிலிருந்து சரியாக மூடாத படுக்கையறைக் கதவு ஒன்று தானாக மூடியது. போட்ட அறுபது ஸ்க்ரூவும் அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தன என்று நினைக்கிறேன்.

குறை ஒன்று உண்டு. களிமண்ணில் இது ஒருமுறை செய்து மறக்கும் வேலை இல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை மட்டம் பார்க்கவேண்டும். கூரைத் தண்ணீர் வீட்டுக்கு அடியில் ஓடாமல் திருப்பிவிட்டால் அந்த இடைவெளி நீளும்.

இதோடு சேர்த்துச் செய்யவேண்டிய ஒரு மலிவான வேலை, அடிமண்ணின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு. 6 மில் கனம் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று 12 அங்குலம் ஏறவேண்டும். இன்றைய ஹட் நிறுவல் விதியிலேயே இருக்கிறது. மண்ணின் ஈரம் மேலே ஏறிப் பலகையை வீங்க வைக்காமல் இருக்க இதைவிட மலிவான காப்பீடு இல்லை.

நடுவில் ஒரு தாங்கல்

மட்டம் சரியாகியும் ஒரு அறை மட்டும் துள்ளுகிறது என்றால் சட்டமே மெல்லியது. இரண்டு ஐ-பீமுக்கு நடுவில் சட்டங்களுக்குக் குறுக்காக ஒரு விட்டம் வைத்து, புதுத் தூண்கள் கொடுப்பது ஒரு வழி. கணக்கு இதற்குச் சாதகம். காலடி மாதிரி ஒரே இடத்தில் விழும் சுமைக்கு, தாங்கல் இல்லாத நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். மேலே எதையும் கிழிக்கவேண்டாம். கிரைண்டர், மீன் தொட்டி, புத்தக அலமாரி என்று கனமான பொருள் இருக்கும் இடத்துக்கு இது கச்சிதம்.

ஆனால் முதலில் சட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். சில வீடுகளில் குறுக்காக, சிலவற்றில் நீளவாக்கில். வயிற்றுத் துணியைக் கிழித்துத்தான் உள்ளே போகமுடியும், வேலை முடிந்ததும் அதற்கென்று உள்ள டேப் போட்டு மூடவேண்டும். மூடாமல் விட்டால் எலி குடிவரும், பஞ்சு தொங்கும், குளிரில் குழாய் உறையும். களிமண் பூமியில் இன்னொரு சிக்கல்: மழைக்காலத்தில் புதுத் தூண் மேலே தள்ளினால், பள்ளமாக இருந்த தரை மேடாகிவிடும். அதனால் மேலும் கீழும் திருப்பிச் சரிசெய்யக்கூடிய தலை உள்ள இரும்புத் தூண்தான் வைக்கவேண்டும். நாங்கள் அடுப்படியில் மட்டும் இதைச் செய்தோம். டம்ளர்கள் இப்போது முணுமுணுப்பதோடு சரி.

சட்டத்தோடு ஒட்டி இன்னொரு சட்டம் சேர்ப்பதும் நல்ல வழிதான், ஆனால் கீழிருந்து செய்வது நரகம். குழாயும் காற்றுக்குழாயும் கையை நுழைய விடாது. தரைப்பலகையை எப்படியும் பிரிக்கிறீர்கள் என்றால் அந்தச் சமயத்தில் மேலிருந்து சேர்த்துவிடுங்கள்.

பழைய பலகை மேல் புதுப் பலகை

அரை அங்குல ப்ளைவுட்டைப் பசை வைத்து ஸ்க்ரூ போட்டு மேலே ஒட்டுவது. டைல் போடப் போகிறவர்களுக்குக் கடைக்காரர்கள் முதலில் சொல்வது இதுதான். கிறீச் குறையும், நடக்கும்போது திடமாக இருக்கும். சட்டத்தின் வளைவை இது அதிகம் மாற்றாது, அதனால் துள்ளலுக்கு மருந்து என்று நினைக்கவேண்டாம். தரை அரை அங்குலம் உயர்ந்ததும் கதவை அறுக்கணும், டாய்லெட் உட்காரும் வளையத்தை உயர்த்தணும், பாத்திரம் கழுவும் மெஷின் கவுண்டருக்கு அடியிலிருந்து வெளியே வராது, பக்கத்து அறை வாசலில் கால் தடுக்கும். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் அந்தத் தடுக்கல் சின்ன விஷயமில்லை.

அமுங்கும் பலகையின் மேல் இதைச் செய்வது மட்டும் கூடவே கூடாது. புரையோடிய புண்ணைத் துணி கட்டி மறைக்கிற வேலை.

அறுத்து மாற்றுவது

அமுங்கும் இடத்துக்கு இது ஒன்றுதான் வைத்தியம். அதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும்: டாய்லெட்டுக்கு அடியில் உள்ள மெழுகு வளையம், வெளிக்கதவின் நிலை, வெந்நீர் ஹீட்டர் இருக்கும் அலமாரி, ஜன்னல் ஓரம். 1978-இலிருந்து 1995 வரை செய்த வீடு என்றால் சாம்பல் நிறத்தில் பாலிபியூட்டிலீன் குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொத்துக்கொள்வதில் பேர்போனது. எங்களுடையது அதுதான். தரையைத் திறந்த கையோடு குளியலறைப் பகுதிக்குப் புதுக் குழாய் போட்டுவிட்டோம்.

வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்கு மேல் ஒரு மயிரிழைகூட அதிகம் வைக்காதீர்கள். கீழே சட்டம், குழாய், ஒயர் எல்லாம் இருக்கிறது. பழைய பலகையைச் சட்டத்தின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே அறுத்தால்தான் புதுப் பலகையின் ஓரம் உட்கார இடம் கிடைக்கும். இந்த வீடுகளில் உள்சுவர்கள் தரைப்பலகையின் மேலேயே நிற்கின்றன என்பதால், சுவருக்கு அடியில் உள்ள பலகையை எடுக்கமுடியாது. சுவரை ஒட்டி அறுத்து, அந்த ஓரத்துக்கு அடியில் குறுக்குக் கட்டை கொடுத்துத் தாங்கவேண்டும். இதைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு வருஷத்தில் சுவரோரம் மட்டும் தனியாக அமுங்கும்.

புதுப் பலகை எது? பார்ட்டிக்கிள் போர்டு மறுபடி வேண்டவே வேண்டாம், சும்மா கொடுத்தாலும். ப்ளைவுட் நல்லது. அட்வான்டெக் மாதிரி ஈரம் தாங்கும் தரைப்பலகை கிடைத்தால் குளியலறைக்கு நான் அதையே எடுப்பேன். பழைய பலகை பெரும்பாலும் 5/8 அங்குலம், கடையில் எளிதாகக் கிடைக்கும் தரைப்பலகை 3/4. அளந்து பார்க்காமல் வாங்கினால் அரைக்கால் அங்குலம் படி நிற்கும். இரண்டு பலகைக்கு நடுவில் அரைக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். முட்டிக்கொண்டிருந்தால் ஈரத்தில் விரிந்து அதுவே புது கிறீச் ஆகும். ஆணி வேண்டாம், பசையும் ஸ்க்ரூவும்.

முழு வீட்டின் தரையையும் பிரிப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாதி வீடு அமுங்குகிறது, இரும்புச் சட்டகமும் துருப்பிடித்திருக்கிறது, மனையும் வாடகை மனை என்றால் அந்தப் பணத்தை அடுத்த வீட்டுக்குச் சேர்த்து வையுங்கள். 1976-க்கு முந்திய வீடு என்றால் இன்னும் யோசிக்கவேண்டும்.

என் வரிசை

நிலமும் உங்களுடையது, பத்து வருஷமாவது இருக்கப் போகிறீர்கள் என்றால்: கீழே போய்ப் பார்த்து மட்டம், தண்ணீர்க் கசிவு, அமுங்கிய பலகை, அடுப்படித் தாங்கல், கடைசியாக ஸ்க்ரூ கிட். வாடகை மனையில் இரண்டு வருஷம் மட்டும் இருக்கப் போகிறவர்கள் மட்டமும் அமுங்கும் இடமும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அமுங்கும் இடத்தை மட்டும் யாரும் தள்ளிப்போடக்கூடாது. டாய்லெட்டோடு ஒரு கால் கீழே போனால் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் மிஞ்சிவிடும்.

எங்கள் வீட்டில் இன்னும் ஒரே ஒரு கிறீச் பாக்கி, பெரிய படுக்கையறை வாசலில். மிச்ச ஸ்க்ரூ பெட்டி ஷெட்டில் இருக்கிறது. கார்ப்பெட் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம், ராத்திரி ஃபிரிட்ஜைத் தேடிப் போகும் பையனை அதுதான் காட்டிக்கொடுக்கிறது.